தண்டலின் பிள்ளைத் தோணி

மணலில் நிற்கிற தோணி கவிழ்ந்துவிடும் என்று பயந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் தூத்துக்குடித் தண்டல். தோணியை நடத்திப் போகிற தலைவருக்குத் தண்டல் என்று பெயர். முழங்கால் போனபிறகு, கரையில் ஏற்றிப் போட்டிருந்த ஒரு பழைய தோணிக்குக் காவல் இருந்தார். கடல் போனாலும் தோரணை போகவில்லை.

யுத்த காலம். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் கணக்கெழுதப் போய்விட்டார். எனக்கு டீச்சர் வேலை கிடைத்தது. இடுப்பில் பத்து மாதப் பிள்ளை. ஊரிலிருந்த ஆயாக்களையெல்லாம் துரைமார் பங்களாக்கள் வளைத்துப் போட்டிருந்தன. மிச்சமிருந்த ஒருத்தி கேட்ட சம்பளத்தை எனக்கு யாராவது கொடுத்திருந்தால், நானே ஆயா வேலைக்குப் போயிருப்பேன்.

பஞ்சு மூட்டை அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் வேலை பார்த்த பெண்கள்தான் வழி சொன்னார்கள். "தண்டல்ட்ட விடுங்க டீச்சர். நாங்க அங்கனதான் விடுதோம். தோணிக்குள்ள எறக்கிவிட்டா ஒரு புள்ளையும் ஏறி வெளிய வராது."

போனேன். பாய்த்துணியைக் கட்டி நிழல், அதிலேயே தொட்டில். உள்ளே இரண்டு பக்கமும் பிள்ளைகள். தண்டல் என் பையனை வாங்கி ஏந்திப் பார்த்தார். கொழுகொழுவென்று இருப்பான்.

"ஏத்த முடியாது டீச்சரம்மா."

"ஏன் அண்ணாச்சி?"

"வலப்பக்கம் இவன ஏத்துனா தோணி சாஞ்சிரும். எடப்பக்கத்துக்கு இதே கனத்துல ஒண்ணு கொண்டாங்க."

"மணல்ல நிக்கிற தோணி எப்படிச் சாயும்?"

"இங்கன தண்டல் யாரு? நீங்களா, நானா?"

மறுநாள் வேலையில் சேராவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள். வேறு வழியில்லாமல் தெருத்தெருவாக அலைந்தேன். "உங்க பிள்ளை என்ன கனம் இருக்கும்?" என்று கேட்டதும் ஒருத்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

கடைசியில் அகப்பட்டவள் பேச்சி. உப்பளத்தில் கூலி வேலை. இரட்டைப் பிள்ளைகளை உடைமர நிழலில் கயிற்றால் கட்டிப்போட்டுவிட்டு உப்பு வாருவாள். இரண்டையும் சேர்த்தால்தான் என் பையன் கனம் வரும்.

"கூலி குடுக்க எங்கிட்ட என்ன இருக்கு டீச்சர்?" என்றாள். நான் கொடுத்துக்கொள்கிறேன் என்று இழுத்துக்கொண்டு போனேன்.

தண்டல் இரட்டையரைத் தூக்கிப் பார்த்துத் தலையாட்டினார். கூலிப் பேச்சை எடுத்ததும் முறைத்தார். "சரக்குக்குத்தான் கூலி. தோணி சாயாம இருக்கப் போடுத கல்லுக்கு எவனாவது கூலி வாங்குவானா?"

அப்போதுதான் கவனித்தேன். வலப்பக்கம் முழுக்கக் கூலி கொடுக்கிறவர்கள் பிள்ளைகள். இடப்பக்கம் கிடந்ததெல்லாம் கொடுக்க வழியில்லாதவர்கள் பிள்ளைகள். இருந்தாலும் மனிதருக்குக் கொஞ்சம் கிறுக்கு என்றுதான் நினைத்தேன்.

சில மாதம் கழித்து என் அக்கா வந்து, கொஞ்ச நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்று பையனைத் தன் ஊரான நாசரேத்துக்குத் தூக்கிப் போனாள். மறுநாள் வகுப்பில் பாதிப் பாடத்தில் எனக்குச் சுருக்கென்றது. வலப்பக்கம் கனம் குறைந்துவிட்டதே! பேச்சியின் பிள்ளைகளை இறக்கிவிட்டிருப்பாரே, அவள் பிழைப்பு என்னாகும்? பள்ளிக்கூடம் விட்டதும் ஓடினேன்.

இரட்டையர் இடப்பக்கம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எதிரே, தோணியின் நடுவை ஒட்டி, சற்றே வலப்பக்கமாகத் தண்டல் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"பையன் ஊருக்குப் போயிட்டாம்லா. வாரவரைக்கும் நான் இருக்கேன்."

"அதுக்கு ஏன் நடுவுல?"

"ஓரத்துல இருந்தா இந்தப் பக்கம் சாஞ்சிரும். நம்ம கனம் கூடுதல்லா."

பிள்ளைகளைத் தூக்க வந்த பேச்சி என் காதோரம் சொன்னாள்: "காலைல இருந்து எந்திரிக்கவே இல்ல டீச்சர். கஞ்சி குடிச்சதுகூட அங்கன இருந்துதான்."

அந்த முழங்காலை மடக்கிக்கொண்டு நாளெல்லாம் அப்படியே இருந்திருக்கிறார். எனக்கு அவர்மேல் வந்த பாசத்தை எங்கே கொண்டுபோய் வைக்கிறதென்று தெரியவில்லை. மறுநாளே லீவு சொல்லிவிட்டு நாசரேத்துக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பாவம், மனிதர் கொஞ்சம் எழுந்து காலை நீட்டட்டும்.