நோட்டரி உயிரோடுதான் இருக்கிறார்

நோட்டரி உதயசூரியன் ஆளைப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் அல்ல. "என் முன்னிலையில் படித்துக் காட்டப்பட்டு, உண்மையென ஒப்புக்கொள்ளப்பட்டது" என்று முத்திரையே சொல்லும்போது அவர் வேறு தலையைத் தூக்க வேண்டுமா? "பாத்துக்கிட்டிருந்தா கறம்பக்குடி பஸ்ஸு நிக்குமாய்யா?" என்பார். டைப்பிஸ்ட் கலைமதியும் அதே ரகம். பழைய ஃபைலைத் திறந்து பேரை மட்டும் மாற்றுவாள், ஞாபகம் இருந்தால்.

லைசென்ஸைப் புதுப்பிக்க மறுநாள்தான் கடைசி. இருப்பிடச் சான்று வாங்க எதிரே இருந்த தாலுகா ஆபீசுக்குப் போனார். கிளார்க் வசந்தகுமார் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு எழுந்தே நின்றார்.

"சார், நீங்க இறந்து மூணு மாசமாச்சுங்க. ஒங்க சம்சாரம் செவந்தி வாரிசு சான்று கேட்டிருக்காங்க."

"என் சம்சாரம் பேரு அமிர்தவல்லிய்யா."

"அத வீட்ல பேசிக்கங்க."

காகிதத்தை வாங்கிப் பார்த்தார். 'என் கணவர், நோட்டரி உதயசூரியன், காலமாகிவிட்டார்.' கணவன் பேர் வர வேண்டிய இடத்தில் கலைமதி நோட்டரி பேரை அடித்திருந்தாள். கீழே அவருடைய முத்திரை, அவருடைய கையெழுத்து. வெட்கமாக இருந்தது. கையெழுத்து என்னவோ அழகாகத்தான் விழுந்திருந்தது.

"செத்தவன் எப்படிய்யா கையெழுத்துப் போடுவான்? இது செல்லாது."

"அப்ப படிக்காமப் போட்டீங்கன்னு எழுதிக்கவா? இத்தனை வருசமாப் போட்டதும் செல்லாதுல்ல?"

உதயசூரியன் உடனே தாம் இறந்துவிட்டதை ஒப்புக்கொண்டார்.

"உயிரோட இருக்கேன்னு ஒரு அபிடவிட் கொண்டாங்க. ஒங்களுக்கு நீங்களே போடக் கூடாது, வேற நோட்டரிதான் போடணும்."

வேற நோட்டரி என்றால் பக்கத்து மேசைத் திருப்பதிதான். கலைமதி அடித்துக் கொடுத்த அபிடவிட்டில் அவர் போன் பேசிக்கொண்டே முத்திரையைக் குத்தினார்.

"ஆளைப் பாக்கலையேய்யா," என்றார் உதயசூரியன், மனசு நொந்து.

"பாத்துக்கிட்டிருந்தா பஸ்ஸு நிக்குமாண்ணே?"

லைசென்ஸ் தப்பியது. இனி ஒரு வரி விடாமல் படிப்பது என்று சபதம் எடுத்து உட்கார்ந்தார். முதலில் வந்தவர் செவந்தி.

"எம் புருசன் பேரு குழந்தைசாமிங்க. செத்து மூணு மாசமாச்சு, ஆபீசுல இன்னும் உயிரோட இருக்காராம். ரெண்டு புள்ளைகள வச்சுக்கிட்டு அலையிறேன். இந்தத் தடவையாச்சும் சரியாக் குடுங்கய்யா."

அந்த முகத்தை அன்றுதான் பார்த்தார். பாவமாக இருந்தது. "நானே படிக்கிறேம்மா," என்றார்.

கலைமதி திருப்பதியின் முத்திரைக்காக அடித்த அபிடவிட் ஃபைலைத் திறந்து, அதன் மேலேயே புதுசை அடித்துக் கொடுத்தாள். உதயசூரியன் சத்தம் போட்டுப் படித்தார். இரண்டு வரி முடிவதற்குள் வரிசையில் நின்ற ஏழு பேரில் ஐந்து பேர் திருப்பதி மேசைக்கு நகர்ந்தார்கள். மிச்ச ரெண்டு பேரும் மணி பார்த்தார்கள்.

மூன்றாவது வரியோடு நிறுத்தி, முத்திரையை எடுத்துக் குத்தினார்.

நாலாவது வரியில் செவந்தியின் கணவர், நோட்டரி திருப்பதி, காலமாகியிருந்தார்.