டால்பின் டைல்ஸ் கழிப்பறை

கட்டடம் கட்டச் செங்கல்லும் சிமெண்டும் வேண்டும் என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கும் அப்பாவிகள், மணமேல்குடிப் பக்கம் இருக்கும் செங்கமடைப் பேரூராட்சிக்கு ஒரு நடை வந்து போக வேண்டும். அங்கே மீன் மார்க்கெட்டில் பெண்கள் கழிப்பறையை முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரிலேயே கட்டி முடித்தார்கள். கொத்தனார், அலுவலகத்தின் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் ஜஸ்டின்.

செயல் அலுவலர் சவரியப்பன் தொலைநோக்கு உள்ளவர். 'முன்மாதிரிப் பேரூராட்சி' விருதுக்கு விண்ணப்பித்திருந்தார். விருதுக் குழு பேரூராட்சியின் இணையதளத்தைப் பார்த்தே மதிப்பெண் போடும். ஆனால் அதில் மார்க்கெட் கழிப்பறையின் இணைய முகவரியைத் தொட்டால் 'அப்படி ஒரு பக்கம் இல்லை' என்று வந்தது. இல்லாததை இல்லை என்று சொல்லும் இந்த நாகரிகமற்ற பழக்கம் அவர் மனதை வாட்டியது.

"கட்டுனாத்தான சார் போட்டோ எடுத்துப் போட முடியும்" என்றான் ஜஸ்டின்.

"கட்டுறத அப்புறம் பாத்துக்கலாம். பக்கம் இன்னைக்கே வேணும்ப்பா."

"அப்ப சர்வர்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதிருவோம் சார். யாராவது மார்க்கெட் கழிப்பறை முகவரியக் கேட்டா, உள்ளுக்குள்ள அத மாத்தி, வேற பக்கத்த எடுத்துக் குடுத்துரும். மேல முகவரி அப்படியே இருக்கும். பாக்குறவங்களுக்குத் தெரியாது."

சவரியப்பனுக்குப் புல்லரித்தது. நிர்வாகம் என்று தான் இத்தனை காலம் செய்துவந்ததைக் கம்ப்யூட்டரும் செய்யும் என்பது அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

எந்தப் பக்கத்தை எடுத்துக் கொடுப்பது? படம் எடுக்கும் யோக்கியதை உள்ள கழிப்பறை ஊரில் ஒன்றுதான் இருந்தது. அது அவருடைய அறையை ஒட்டி, டால்பின் படம் போட்ட டைல்ஸோடு, அவருக்கே அவருக்காக இருந்தது. சாவி எப்போதும் அவர் சட்டைப் பையில். 'அலுவலகப் பராமரிப்பு' பக்கத்தில் அதன் படம் ஏற்கெனவே கிடந்தது. ஜஸ்டின் ஸ்கிரிப்டை எழுதினான். மதிப்பெண் மளமளவென்று ஏறியது.

மார்க்கெட்டில் மீன் விற்கும் பொன்னுத்தாய்க்கு இந்த முன்னேற்றம் எட்டவில்லை. விடியற்காலையில் கூடையோடு உட்காரும் பெண்கள், மத்தியானம் வீடு போய்ச் சேரும்வரை ஒரு வாய் தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது? பாதிப் பேருக்கு நீர்க்கடுப்பு. பொன்னுத்தாய் அலுவலகத்துக்கே வந்து நியாயம் கேட்டாள்.

"கழிப்பறை இல்லைன்னு யாரு சொன்னா? இதப் பாரும்மா" என்று சவரியப்பன் கைப்பேசியை நீட்டினார்.

அவள் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவர் அப்போதுதான் வெளியே வந்த கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே சுவரில் அதே டால்பின் துள்ளிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்குங்க சார். வாரேன்" என்று போய்விட்டாள். அவள் திருப்தி அடைந்துவிட்டதாக அவர் நம்பினார்.

விருதை அறிவிக்கும் முன் ஊரை நேரில் பார்க்க, சென்னையிலிருந்து விருதுக் குழுவின் ராஜலட்சுமி மேடம் வந்தார். சவரியப்பன் அறையில் இளநீர் உபசாரம் நடந்துகொண்டிருந்தபோது வாசலில் சத்தம். மார்க்கெட் பெண்கள் எல்லோரும் நின்றார்கள், பொன்னுத்தாய் முன்னால்.

"என்னம்மா கூட்டம்?" என்றார் சவரியப்பன்.

"கூட்டம் இல்லீங்க, வரிசை. மார்க்கெட் கக்கூசுன்னு ஒங்க சைட்டுல இதத்தான போட்டிருக்கீங்க? இங்கிட்டு வர நடை கொஞ்சம் தூரந்தான், பரவாயில்ல. சாவியக் குடுங்க."

மேடம் தன் கைப்பேசியில் அந்த முகவரியைத் திறந்தார். எழுந்து போய், கதவு இடுக்கு வழியே டால்பினைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். சவரியப்பன் கண்ணாலேயே ஜஸ்டினிடம் கெஞ்சினார்.

ஜஸ்டின் அவர் காதோடு சொன்னான்: "ஸ்கிரிப்ட் பக்கத்தத்தான் சார் மாத்தும். செவுத்த மாத்தாது."

"மேடம், அது வந்து, என்னோட…" என்று ஆரம்பித்த சவரியப்பன், 'என்னோடது' என்று முடித்தால் விருது போய்விடும் என்பது உறைத்து நிறுத்திக்கொண்டார். கை தானாகச் சட்டைப் பையைப் பொத்தியது.

"படம் சரியாத்தான் இருக்கு" என்றார் மேடம். "எனக்கு ஒண்ணுதான் புரியல. மார்க்கெட் பொம்பளைங்க கழிப்பறைச் சாவி, ஒங்க பையில எதுக்கு இருக்கு?"