பம்புசெட் தொட்டியில ஒரு கப்பல்

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. காளவாசல்ல பெயிண்ட் அடிக்கக் குடுத்திருந்த கப்பலை வாங்கிட்டுப் போய், செக்கானூரணி பக்கம் எங்க தோட்டத்துத் தொட்டியில மிதக்க விடணும். அம்புட்டுத்தான்.

பயந்துராதீங்க. நாலடிக் கப்பல். மரத்துல நானே செஞ்சது.

எழுபதுகளோட கடைசி அது. எங்க ஊர்ப் பையன் என்ஜினியரிங் போனா கட்டடம் படிப்பான், இல்லாட்டி கரண்ட் படிப்பான். நான் கொச்சிக்குப் போய்க் கப்பல் கட்டுறது படிச்சேன்! வைகையில முழங்காலளவு தண்ணி வந்தாலே பாலத்துல நின்னு வேடிக்கை பாக்குற ஊர்லருந்து!

அதுல ஒரு பேப்பர்ல கோட்டை விட்டுட்டேன். கப்பல் கவுந்துராம நிக்கிறது எப்படிங்கிற பேப்பர். நூத்துக்குப் பதினெட்டு.

அப்பா மார்க்கைப் பாத்துட்டு ரொம்ப நிதானமாச் சொன்னார்.

"எனக்கு உன் இங்கிலீசெல்லாம் வெளங்காது. ஒரு கப்பலச் செஞ்சு எங் கண்ணு முன்னாடி விடு. மெதந்துச்சுன்னா காலேசுக்குப் போ. முங்குச்சுன்னா மாமாவோட ரைஸ்மில்லுல போய் உக்காரு."

ரைஸ்மில்லுன்னா தவிடு. தவிடுன்னா எனக்குத் தும்மல். லீவு பூரா உக்காந்து செதுக்கினேன். பெயிண்டுக்கு மட்டும் லாரிக்குப் பெயிண்ட் அடிக்கிற ஒரு அண்ணன்கிட்டக் குடுத்தேன். முதல் தப்பு அது.

போய்ப் பாத்தா, கப்பலுக்கு முன்னாடி ரெண்டு கண்ணு! பின்பக்கம் அடியோரமா, பூப்போட்ட கட்டத்துக்குள்ள, 'ஒலி எழுப்பவும்'!

"அண்ணே, என்னண்ணே இது?"

"பழக்க தோசம் தம்பி. கை தானாப் போயிருச்சு."

"கடல்ல யாருண்ணே பின்னாடி வந்து ஹாரன் அடிக்கப் போறா?"

"வந்தா?"

வாங்கிட்டு பஸ் ஏறிட்டேன்.

ஒரு கையில கப்பல். இன்னொரு கையில மஞ்சப் பை. பை நிறைய இரும்புத் துண்டு. அதைக் கப்பலோட அடிவயித்துல அடுக்கணும். அடி கனமா இருந்தாத்தான் கப்பல் நேரா நிக்கும். அந்தப் பதினெட்டு மார்க்கும் இதை எழுதுனதுக்குத்தான் கிடைச்சிருக்கணும்.

கண்டக்டர் வந்தார். "இது என்னாது?"

"கப்பல்ண்ணே."

"ராமேஸ்வரம் பஸ்சு அங்கிட்டு நிக்கும்."

பஸ்சே சிரிச்சுச்சு.

"இல்லண்ணே, செக்கானூரணி."

"அங்கன எப்பய்யா துறைமுகம் கட்டுனாய்ங்க?"

அதுக்கப்புறம் யாரும் சன்னலுக்கு வெளிய பாக்கல. கூடையோட இருந்த ஒரு அக்கா கேட்டாங்க. "ஏந் தம்பி, ஊசி போட்டா முங்குது. இம்புட்டுப் பெரிய இரும்புக் கப்பல் மட்டும் எப்பிடி மெதக்குது?"

இப்படி ஒரு கேள்வியை அதுவரைக்கும் யாருமே என்கிட்டக் கேட்டதில்ல. கப்பலைச் சீட்டுல வச்சுட்டு, பையை அடியில தள்ளிட்டு எழுந்து நின்னேன். கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நாகமலை தொடங்கி செக்கானூரணி வரைக்கும் வகுப்பு எடுத்தேன். வாத்தியார்னா இப்படி இருக்கணும்னு எனக்கே தோணுச்சு. இறங்குறப்ப ரெண்டு கையாலயும் கப்பலை ஏந்திக்கிட்டு, எல்லாருக்கும் தலையாட்டிட்டு இறங்கினேன்.

பஸ் கண்ணுல இருந்து மறைஞ்சப்பத்தான் உறைச்சுச்சு. மஞ்சப் பை!

அது பஸ்சோட போயிருச்சு.

தோட்டத்துக்குப் போனா பாதி ஊர் நிக்குது. அப்பா, அம்மா, ரைஸ்மில் மாமா, அவர் மில்லுல வேலை பாக்குறவங்க எல்லாரும். 'இரும்பை விட்டுட்டேன், நாளைக்கு விடுறேன்'னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மானம் விட்டாத்தான! காத்து இல்ல, அலை இல்ல, சிமெண்டுத் தொட்டித் தண்ணி. அஞ்சு நிமிசம் நிக்காதா?

மூச்சைப் பிடிச்சுக்கிட்டு இறக்கினேன்.

நின்னுச்சு! லேசா ஆடுச்சு, ஆனா நின்னுச்சு! அம்மா கையெடுத்துக் கும்பிட்டாங்க. அப்பா மீசைக்குள்ள ஒரு சிரிப்பு எட்டிப் பாத்துச்சு. எனக்கு அங்கயே ஒரு ஆட்டம் போடலாம் போல இருந்துச்சு.

அந்த நிமிசமே தூக்கியிருந்தா இதை எழுதியிருக்க மாட்டேன்.

"ஏய், இருங்கப்பா!"ன்னார் மாமா. "புது வண்டிய எவனாச்சும் பூச போடாம விடுவாய்ங்களா?"

அவர் டிராக்டர் வச்சிருக்கிறவர். பூசைச் சாமான் எல்லாம் தயாரா கொண்டாந்திருந்தார். முதல்ல ரெண்டு எலுமிச்சம்பழத்தைக் கையில எடுத்தார்.

"சக்கரம் எங்கன இருக்கு மாப்ள?"

"கப்பலுக்கு ஏது மாமா சக்கரம்?"

"அப்ப இத எதுக்கு அடியில வைக்கிறது?"

கப்பலை ஒரு சுத்து பாத்துட்டு, பழத்தை அது நடுவுல நின்ன கொடிமரத்து உச்சியில கட்டிவிட்டார். கப்பல் ஒரு ஆட்டம் ஆடுச்சு.

அடுத்து மாலை வந்துச்சு. டிராக்டர் மூஞ்சிக்குப் போடுற சைஸு. தண்ணி தெளிச்சு, சொட்டச் சொட்ட!

"மாமா, வேணாம் மாமா. மேல கனம் ஏறக் கூடாது."

"சாமி காரியத்துல கனம் பாக்கக் கூடாது மாப்ள."

"கவுந்துரும் மாமா!"

"நீ அந்தப் பேப்பர்லதான ஃபெயிலு?"

வாழ்க்கையில முதல் தடவையா நான் சரியான விடை சொல்றேன். அதுக்கும் முட்டை!

மாலையைக் கொடிமரத்துல மாட்டினார். கப்பல் ரெண்டு கண்ணாலயும் என்னை ஒரு பார்வை பாத்துச்சு. மெதுவா வலது பக்கம் சாஞ்சுச்சு.

"சாயுது, சாயுது! இடது பக்கம் இன்னொண்ணு போடுங்கப்பா!"ன்னு மாமா கத்தினார். அம்மா பதறிப் போய்த் தலையில இருந்த பூவை எடுத்து வீசினாங்க. அதுவும் வலது பக்கமே விழுந்துச்சு.

டபக்!

அடிப்பக்கம் மேல வந்துருச்சு. 'ஒலி எழுப்பவும்' மட்டும் தலைகீழாத் தெரிஞ்சுச்சு. யாரும் ஒலி எழுப்பல.

அப்பா தொட்டியையே பாத்துக்கிட்டு நின்னார். எனக்கு அப்பவே தவிட்டு வாசம் அடிக்க ஆரம்பிச்சுருச்சு.

மாமாதான் செருமினார்.

"மச்சான், முங்குனாத்தான ரைஸ்மில்லுன்னு சொன்னீக?"

"ஆமா."

"முங்கலையே. மெதக்குதே."

"தலகீழால்லய்யா மெதக்குது!"

"நேரா மெதக்கணும்னு நீங்க சொல்லலையே மச்சான்."

எங்கப்பா சொன்ன சொல்லு மாறாத மனுசன். ஊருக்கே தெரியும். தொட்டியை இன்னொரு தடவை எட்டிப் பாத்தார். அப்புறம் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "சொன்னது சொன்னதுதேன். போய்த் தொலை"ன்னார்.

தாங்க முடியாத சந்தோசத்துல ஓடிப்போய் மாமாவைக் கட்டிப் பிடிச்சேன். கால் வழுக்கி ரெண்டு பேரும் தொட்டிக்குள்ள விழுந்தோம். என்னை ரைஸ்மில்லுல சேக்கிறதுல அவருக்குத் துளிகூட இஷ்டம் இல்லங்கிற விசயம் தண்ணிக்குள்ள வச்சுத்தான் தெரிஞ்சுச்சு. "நீ தும்முனா அரைச்ச மாவெல்லாம் பறந்துரும் மாப்ள"ன்னு காதுல சொன்னார்.

அந்நேரம் பாத்து தோட்டத்தை ஒட்டின ரோட்டுல பஸ் நின்னுச்சு. திரும்பி வர்ற அதே பஸ்.

"கப்பல் தம்பி! பைய விட்டுட்டுப் போய்ட்டீயளே!"ன்னு கண்டக்டர் கத்தினார்.

அப்பா போய் வாங்கிட்டு வந்தார். தூக்க முடியாமத் தூக்கிட்டு வந்தார். திறந்து பாத்தார்.

"என்னடா இது?"

"கப்பலுக்கு அடியில வைக்கிறதுப்பா. வச்சாத்தான் கவுந்துராது."

பையை என் கையில குடுத்துட்டு, "இத மொதல்ல உன் மண்டைக்குள்ள வையி"ன்னுட்டுப் போய்ட்டார்.

அந்தப் பேப்பரை அடுத்த தடவை நல்ல மார்க்கோடயே பாஸ் பண்ணிட்டேன். அதுக்கப்புறம் கப்பல் கட்டுற இடத்துலயே காலத்தை ஓட்டி, ரிட்டயரும் ஆயாச்சு.

பிரிவு உபசார விழாவுல ஆளுயர மாலையோட வந்தாங்க. ரெண்டு காலையும் நல்லா அகட்டி வச்சதுக்கு அப்புறம்தான் கழுத்தை நீட்டினேன்.