யானை தின்ற வழக்கு

ஒரு காட்டில் கம்பியே இழுக்காமல் சேதி அனுப்பும் கம்பெனிகள் இரண்டு இருந்தன. ஒன்று மரங்கொத்தியுடையது, மரத்தைத் தட்டியே நாலு மலை தாண்டிச் சேதி சொல்லிவிடும். இன்னொன்று தவளையுடையது, கத்தியே சொல்லிவிடும். இரண்டும் ஒழுங்காகத் தொழில் செய்தவரை இரண்டின் பங்கையும் சீந்துவார் இல்லை.

ஒருநாள் தவளை வழக்குப் போட்டது. ஒரு சத்தத்துக்கும் அடுத்த சத்தத்துக்கும் நடுவே சும்மா இருப்பது தன் கண்டுபிடிப்பாம், அதற்குக் காப்புரிமை இருக்கிறதாம், மரங்கொத்தி திருடிவிட்டதாம். மரங்கொத்தி விடுமா? சும்மா இருந்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பது தன்னுடையது என்று எதிர்வழக்குப் போட்டது. இப்படி அடித்துக்கொள்கிறார்கள் என்றால் உள்ளே பெரிய சரக்கு இருக்கிறது என்று முதலீட்டாளர்கள் முடிவுகட்டினார்கள். அன்று முதல் வெள்ளிக்கிழமைதோறும் இரண்டு கம்பெனிகளின் வழக்குக் கட்டுகளையும் தராசில் வைத்து நிறுப்பார்கள். கட்டு எவ்வளவு கனமோ பங்குக்கு அவ்வளவு விலை.

கதிர்வேலு என்ற முள்ளம்பன்றி, மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த கிழங்கு முழுவதையும் மரங்கொத்திப் பங்கில் போட்டுவிட்டார். மனைவி செண்பகம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"ஏங்க, அந்தக் கம்பெனி சேதி அனுப்பி ரெண்டு வருஷம் ஆச்சாமே?"

"சேதி அனுப்பிக்கிட்டு இருந்தா வழக்கை யாரு பாக்கிறது?" என்றார் கதிர்வேலு.

வரும் வெள்ளியன்று பங்கை விற்றுவிடுவது, அதற்கடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று கணக்குப் போட்டிருந்தார். வியாழக்கிழமை விபரீதம் நடந்தது. அந்தக் காட்டு நீதிமன்றத்தில் எல்லா ஆவணத்தையும் வாழையிலையில்தான் எழுதுவார்கள். நீதிபதியோ யானை. வக்கீல்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி வாதாடித் தொலைத்தார்கள்.

"இரு தரப்பையும் முழுமையாக எடுத்துக்கொண்டேன்," என்றது யானை. அதன் கடைவாயில் மனுதாரரின் கையெழுத்து ஒட்டிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை தராசில் வைக்க ஒரு காம்புகூட இல்லை. பங்கு தரைமட்டமானது. தரகர் கீரி கையை விரித்துவிட்டது. "வழக்கு இல்லேன்னா அது வெறும் கம்பெனிதாண்ணே. யாரு வாங்குவா?"

பந்தக்கால் நட்டாயிற்று, சம்பந்தி வீட்டுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. கதிர்வேலு மனைவி முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு வளைக்கு வெளியிலேயே நின்றார். பயத்தில் உடம்பு நடுங்கி முட்கள் சலசலவென்று ஆடின. அதைக் கேட்டு, நூறடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த மான் ஒன்று விழுந்தடித்து ஓடியது.

கதிர்வேலு அசையாமல் நின்றார். கம்பி இல்லை, கிட்டே போகவில்லை, ஆனாலும் சேதி போய்ச் சேர்ந்துவிட்டதே. இது பாட்டன் முப்பாட்டன் காலத்து வித்தையல்லவா? தன் முதுகிலிருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கிப் புது வழக்கு எழுத உட்கார்ந்தார். சத்தத்தால் சேதி அனுப்பும் வித்தை மொத்தமும் தன் வம்சத்துச் சொத்து, தவளையும் மரங்கொத்தியும் திருடர்கள். தான் பங்கு வைத்திருக்கும் கம்பெனி என்றும் பார்க்கவில்லை.

செண்பகம் எட்டிப் பார்த்தாள். "வாழையிலையிலயா எழுதுறீங்க?" என்றவள், வேலியோரம் போய் நாற்பத்திரண்டு சப்பாத்திக்கள்ளி மடல்களை உடைத்து வந்து போட்டாள்.

நீதிபதி ஒரு மடலை வாயில் வைத்துப் பார்த்தது. கண்ணில் நீர் வழிய, வழக்கைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்தது. அடுத்த வெள்ளிக்கிழமை கட்டை ஏற்றியதும் தராசுத் தண்டே முறிந்தது. இது ஒருநாளும் தீராத வழக்கு என்று முதலீட்டாளர்கள் ஆனந்தக் கண்ணீர் விட்டார்கள். கதிர்வேலு எல்லாப் பங்கையும் விற்று, முதலில் போட்டதைப் போல மூன்று மடங்கு கிழங்கோடு வீடு வந்தார்.

அங்கே சம்பந்தி காத்திருந்தார். கிழங்கைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"கிழங்கெல்லாம் எதுக்குங்க? வழக்குல பாதியைப் பொண்ணு பேருக்கு எழுதிக் குடுத்துடுங்க, போதும்."

ஞாயிற்றுக்கிழமை மேளம் முழங்க, சீர்வரிசைத் தட்டில் இருபத்தொரு கள்ளி மடல்கள் ஊர்வலமாகப் போயின. தூக்கிப் போனவர்கள் எல்லோருக்கும் கையில் முள்.

நீதி: முதலீடு செய்யுமுன் கம்பெனி என்ன செய்கிறது என்று விசாரிக்க வேண்டாம், நீதிபதி என்ன சாப்பிடுவார் என்று விசாரித்தால் போதும்.