ஒரு விசா, இரண்டு வேட்பாளர்

என் மனைவி எனக்கு இழைத்த அநீதிகளைக் காலவரிசைப்படி கீழே தருகிறேன். வரிசை மாறினால் வரலாறு மாறிவிடும்.

முதலாவது, கல்யாணமான வருஷம் நடந்தது. சங்கக் கொடிக்கென்று புதுச்சேரியில் வாங்கி வந்த சிவப்புத் துணியில் அவள் தலையணை உறை தைத்தாள். மரக்காணம் உப்பளத் தொழிலாளர் சங்கத்தின் முதல் கொடிமேல் நான் ஆறு மாதம் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன்.

இரண்டாவது, என் சாகும்வரை உண்ணாவிரதம். கடல்காற்று பந்தலை நோக்கித் திரும்பும் நேரம் பார்த்து, பந்தலுக்குக் கிழக்கே அடுப்பு மூட்டி நெத்திலி வறுத்தாள். அன்று மாலையே உண்ணாவிரதம் "பேச்சுவார்த்தைக்கு மதிப்பளித்து" முடித்துக்கொள்ளப்பட்டது. துண்டறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.

மூன்றாவது, நான் கடலூர் சிறையிலிருந்து விடுதலையாகி வந்த நாள். மாலையும் மேளமுமாக ஊரே வாசலில் நின்றது. அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சதை போட்டுக்கினு வந்திருக்கியே, உள்ள என்னா குழம்பு ஊத்துனாங்க?" என்று கேட்டாள். மேளக்காரர் அடிப்பதை நிறுத்திவிட்டார்.

நான்காவது, பெரிய வேலைநிறுத்தம். கோரிக்கைப் பட்டியலில் குடிதண்ணீர்த் தொட்டியை எப்போதும் கடைசியாகத்தான் சேர்ப்பேன். பேச்சுவார்த்தையில் விட்டுக்கொடுக்க ஏதாவது ஒன்று வேண்டாமா? அதுதான் ராஜதந்திரம். இவள் பெண்கள் கூட்டத்தின் நடுவில் எழுந்து, "வருஷா வருஷம் விட்டுக் குடுக்கிறதுக்குன்னே ஒரு தொட்டி கேக்கிறியே, அதுல தண்ணி எப்பய்யா வரும்?" என்றாள். அத்தனை பெண்களும் சிரித்தார்கள். முதலாளியின் கணக்குப்பிள்ளையும் சிரித்தான். அவன் சிரித்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இனி என்னைப் பற்றி. பெயர் இருசப்பன். பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு சரி. மீதிப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரம். இருபது வருஷமாகச் சங்கத்துக்கு நான்தான் தலைவர். வீட்டில் நான் எதிர்க்கட்சி. அந்தக் கட்சிக்கு ஒரே உறுப்பினர். உப்பளத்துக்குப் போனால்தான் என் பேச்சுக்கு ஒலிபெருக்கி. தலைமை ஒன்றைத் தவிர எனக்குச் சொத்து கிடையாது. ஐந்தாவது அநீதி நேராக அதன்மேல் கை வைத்தது.

எழுபத்தெட்டாம் வருஷம். பக்கத்து வீட்டு ஜெயினம்புவின் தம்பி பக்கீர் முஹம்மது குவைத்திலிருந்து லீவில் வந்திருந்தான். அங்கே ஆஸ்பத்திரிகளுக்குத் துணி வெளுக்கும் ஒரு லாண்டரியில் அவன் டிரைவர். அந்த லாண்டரிக்கு ஒரு ஆள் வேண்டும். ஆணோ பெண்ணோ, யாரானாலும் சரி. பெயரை அனுப்பினால் விசா வரும். நாலு ஆஸ்பத்திரிக்கும் பஸ் பிடித்துத் தனியாகப் போய், துணியை எண்ணி ஒப்படைத்துவிட்டு வரத் தெரிய வேண்டும். புது ஊரில் வழி தவறாத ஆளாக இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் உப்பளத்திலிருந்து வந்து காலைக் கழுவிக்கொண்டே என் மனைவி சொன்னாள்.

"ஜெயினம்பு தம்பிகிட்ட சொல்லிட்டேன். நான் குவைத்துக்குப் போறேன்."

"யாரைக் கேட்டு?"

"பொம்பள யாரையும் கேக்க வேண்டியதில்லன்னு நீதானே அச்சடிச்சுக் குடுத்த."

"அது பொதுவா சொன்னது."

"நானும் பொதுவாத்தான் போறேன்."

அவள் போனால் ஊர் என்ன பேசும்? பொண்டாட்டி குவைத்தில் துணி வெளுக்கிறாள், தலைவர் இங்கே உட்கார்ந்து அந்தக் காசில் புரட்சி பண்ணுகிறார் என்று பேசும். முதலாளி மேடை போட்டே பேசுவான். அத்தோடு என் தலைமை உப்புப்போல மழையில் கரைந்துவிடும். தடுக்கவும் வழியில்லை. பெண் விடுதலை பற்றி நான் எழுதிய துண்டறிக்கை அவளுக்கு மனப்பாடம். ஆகவே தடுப்பதில்லை, தோற்கடிப்பது என்று முடிவு செய்தேன்.

மறுநாள் ஜெயினம்பு வீட்டு வாசலில் சவாலை வைத்தேன். விசாவுக்கு நானும் வேட்பாளர். புது ஊரில் யாருக்கு வழி தெரியும் என்பதை மெட்ராசில் பார்த்துக்கொள்ளலாம். திண்டிவனத்தைத் தாண்டாத இவளை மெட்ராசில் விட்டால் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று அழுவாள் என்றும் சொன்னேன்.

என் மனைவி முதலில் பயந்துவிட்டாள். "போட்டியெல்லாம் வேணாம்யா," என்றாள். "தப்பித் தவறி நீ ஜெயிச்சுட்டா நீ போவணும். வயசான காலத்துல உனக்கு எதுக்கு அந்த வெயிலு?"

வயசான காலமா? அந்த ஒரு வார்த்தை போதும். போட்டி நடந்தே தீர வேண்டும் என்றேன். அவள் மறுபடியும் வேணாம் என்றாள். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டாள். எதிரி பேச்சுவார்த்தைக்கு வருகிறான் என்றால் பலவீனமாக இருக்கிறான் என்று அர்த்தம். நான் விடவில்லை.

"அப்ப ஜெயிச்சவங்க போயே ஆவணும். பின்னாடி மாட்டேன்னு சொல்லக் கூடாது. சத்தியம் பண்ணு," என்றாள்.

ஜெயினம்பு, பக்கீர், எங்கள் சங்கத் துணைத்தலைவர் காசிலிங்கம் மூவரையும் சாட்சியாக வைத்துச் சத்தியம் செய்தேன். சாட்சியில்லாமல் நான் எந்த ஒப்பந்தமும் போடுவதில்லை.

போட்டிக்கு விதி எழுதியது பக்கீர். குவைத்திலிருந்து லீவில் வருகிறவன் தன் சாமானோடு மட்டும் வர முடியாது. கூட வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தங்கள் வீட்டுக்கு ஆளுக்கொரு பார்சலைக் கட்டி அவன் தலையில் ஏற்றிவிடுவார்கள். பக்கீரிடம் மெட்ராஸ் பார்சல் ஆறு கிடந்தது. ஆளுக்கு மூன்று கொடுத்தான். எனக்குத் திருவல்லிக்கேணி, பெரம்பூர், சைதாப்பேட்டை. அவளுக்கும் அதே மூன்று பேட்டை, வேறு வேறு வீடு. மெட்ராசில் இரண்டு பேரும் சேர்ந்து போகக் கூடாது. மூன்றையும் கொடுத்துவிட்டு முதலில் மரக்காணம் திரும்புகிறவருக்கு விசா. பக்கீருக்குப் பஸ் செலவு மிச்சம் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். பாரீஸ் கார்னரில் இறங்கியதும் நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். திரும்பிப் பார்ப்பது பின்வாங்குவதற்குச் சமம்.

கொஞ்ச தூரம் போனதும் ஒரு உண்மை தெரிந்தது. மெட்ராசுக்கு நான் பலமுறை வந்திருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் ஊர்வலத்தில்தான் வந்திருக்கிறேன். முன்னால் போகிற கொடியைப் பார்த்துக்கொண்டு நடுரோட்டில் நடப்பேன். ஊர்வலம் எங்கே முடிகிறதோ அங்கே போலீஸ் வேன் நிற்கும். திரும்பும் வழி அவர்கள் பொறுப்பு. கொடியும் வேனும் இல்லாத மெட்ராசை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அது வேறு ஊர்.

யாரையாவது கேட்டிருக்கலாமே என்பீர்கள். தலைவன் வழி காட்டுவான், வழி கேட்க மாட்டான். பழக்கத்தில் மவுண்ட் ரோட்டின் நடுவிலேயே நடந்தேன். ஒரு ஆட்டோக்காரர் என் இடுப்பை உரசிக்கொண்டு நிறுத்தினார்.

"இன்னா நைனா, வூட்ல சொல்லிக்கினு வந்துட்டியா?"

சொல்லிக்கொண்டுதான் வந்தேன் என்றேன். வீடும் கூட வந்திருக்கிறது, இங்கேதான் எங்கேயோ பார்சல் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று விளக்கினேன். அவர் பாதியிலேயே போய்விட்டார்.

உச்சிவெயில் நேரத்தில் தூரத்தில் கோஷம் கேட்டது. அச்சகத் தொழிலாளர் ஊர்வலம். தாயைக் கண்ட கன்றுபோல ஓடிப்போய்க் கடைசி வரிசையில் சேர்ந்தேன். சிம்சன் கம்பெனியைத் தாண்டுவதற்குள் முன்வரிசைக்கு வந்துவிட்டேன். அவர்களுடைய கோஷம் சவசவ என்றிருந்தது. இரண்டை நான் மாற்றிக் கொடுத்தேன். கோட்டைக்கு முன்னால் போலீஸ் எங்களைக் கைது செய்தது. வேனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். புளிசாதம் நன்றாக இருந்தது.

இங்கேதான் என் அரசியல் அனுபவம் வேலை செய்தது. மண்டபத்தில் என் பார்சல்களின் நிலைமையை விளக்கி ஒரு சிறு உரை ஆற்றினேன். சாயங்காலம் விடுதலை ஆனதும் நாற்பது அச்சகத் தோழர்கள் என்னோடு கிளம்பினார்கள். முதலில் திருவல்லிக்கேணி. கதவைத் திறந்த பெரியவர் எங்களைப் பார்த்து நன்கொடை வசூல் என்று நினைத்துத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். "வாங்கிக்கொள், வாங்கிக்கொள், பார்சலை வாங்கிக்கொள்" என்று கோஷம் போட்டோம். தெருவே வந்து அவருக்கு எடுத்துச் சொன்ன பிறகு வாங்கிக்கொண்டார். பெரம்பூரிலும் சைதாப்பேட்டையிலும் இவ்வளவு எதிர்ப்பு இல்லை. அவர்களுடைய சங்க ஆபீசிலேயே படுத்து, விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன்.

மரக்காணத்தில் இறங்கினேன். வீடு பூட்டிக் கிடந்தது. அவள் வரவில்லை.

வெற்றியை நின்றுகொண்டே அனுபவித்தேன். ஜெயினம்பு வீட்டுக் காபியை இரண்டு முறை குடித்தேன். மத்தியான பஸ்ஸில் என் மனைவி வந்து இறங்கினாள். கையில் ஒரு பார்சல் அப்படியே இருந்தது.

"சைதாப்பேட்டையில எந்தப் பக்கம் போனாலும் ஒரே மாதிரி இருக்குது. வீட்டையே கண்டுபிடிக்க முடியல," என்றாள். "நீ ஜெயிச்சுட்டய்யா."

இருபது வருஷத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. இன்னும் இரண்டு முறை சொல்லச் சொன்னேன். சொன்னாள். ராத்திரி முழுக்க வழி தெரியாமல் அலைந்தவள் தலையில் புதுக் கதம்பம் இருந்தது. புடவைகூடக் கசங்கவில்லை. ஆனால் ஜெயித்தவன் தோற்றவளின் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பது பண்பாடு இல்லை.

அதற்குப் பிறகு அவள் நடந்துகொண்ட விதத்தில் எனக்குக் குறையே இல்லை. பாஸ்போர்ட்டுக்கு அவளே ஆளைப் பிடித்தாள். முழுக்கால் சட்டை இரண்டு தைக்கக் கொடுத்தாள். கருவாட்டை வறுத்து டின்னில் அடைத்து, வாசனை வெளியே போகாமல் சுற்றிக் கட்டினாள். பஸ்ஸில் ஏறினால் எப்படி வழி கேட்பது என்று பக்கீரிடம் நாலு அரபு வார்த்தை கற்றுவந்து எனக்குப் பாடம் நடத்தினாள். நான் கேட்க மாட்டேன் என்றேன். "நீ கேக்க வேணாம்யா, சும்மா தெரிஞ்சு வெச்சுக்கோ," என்றாள். தோல்வி மனிதர்களை எவ்வளவு மென்மையாக்குகிறது என்று வியந்தேன்.

விசா வந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் மாலை சங்கக் கொட்டகை முன்னால் வழியனுப்பு விழா. உப்பு அம்பாரங்களுக்கு நடுவே இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். மைக் செட், மாலைகள், எனக்கென்று தனியாக ஒரு சோடா. குவைத் வரை விரிந்துவிட்ட நம் இயக்கம் என்று தொடங்கி ஒரு மணி நேரம் பேசினேன். கைதட்டல் ஓயவில்லை. தலைவர் கடல் கடந்தும் தலைவர்தான் என்று முடித்தேன்.

காசிலிங்கம் எழுந்து தொண்டையைச் செருமினார். நான் வரும்வரை நாற்காலியைச் சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று அவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

"தோழர், விதியில அப்படி இடமில்ல," என்றார். "ஒரு உப்புப் பருவம் அளத்துல இல்லாதவர் பொறுப்புல இருக்கக் கூடாது. இன்னிக்கே புதுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தாவணும்."

விதி சரிதான். பழைய தலைவர் மெட்ராசிலேயே குடியேறியபோது அவரை இறக்க நான்தான் அதை எழுதினேன். ஆனால் அது எனக்கும் பொருந்தும் என்று இவருக்கு யார் சொன்னது?

"லேபர் ஆபீஸ்ல கேட்டாச்சு தோழர்."

"யார் கேட்டது?"

"உங்க வீட்டுக்காரம்மா. பார்சல் குடுக்க மெட்ராஸ் போனாங்கல்ல, அன்னிக்கு."

முன்வரிசையில் இருந்த ஜெயினம்புவைப் பார்த்தேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். "மத்தியானத்துக்குள்ள ரெண்டு பார்சல் குடுத்துட்டு லேபர் ஆபீசுக்கும் போயிட்டு வந்துடுச்சு தனக்கோடி," என்றாள். "சைதாப்பேட்டை வீட்லதான் ராத்திரி மீன் குழம்பு சாப்ட்டுட்டுத் தங்கிச்சு. பார்சலை மட்டும் அடுத்த வாரம் தர்றேன்னு திருப்பி வாங்கியாந்துடுச்சு அண்ணே."

குவைத்துக்குப் போகப் போவதில்லை என்று அறிவிக்க வாயைத் திறந்தேன். பக்கீர் மெதுவாகக் காதில் சொன்னான். "சாட்சி வெச்சு சத்தியம் பண்ணிருக்கீங்க அண்ணே. நாங்க மூணு பேரும் இங்கதான் இருக்கோம்."

காசிலிங்கம் தலைமைக்குப் பெயர் கேட்டார். பெண்கள் பக்கமிருந்து ஒரே பெயர் வந்தது. கை தூக்கச் சொன்னார். உப்பளத்தில் பாதிக்கு மேல் பெண்கள் என்பது புள்ளிவிவரமாக எனக்குத் தெரியும். கைகளாகப் பார்த்தது அன்றுதான். உப்பு அரித்து வெடித்த கைகள், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. ஆண்கள் சிலர் என்னைப் பார்த்தார்கள், பிறகு தங்கள் பெண்டாட்டிகளைப் பார்த்தார்கள், பிறகு கையைத் தூக்கினார்கள். மூன்று முறை எண்ணினேன். ஒவ்வொரு முறையும் கூடிக்கொண்டே போனதால் நிறுத்திக்கொண்டேன்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். விதி நான் எழுதியது. சாட்சி வைக்கும் பழக்கம் நான் கொண்டுவந்தது. பெண் யாரையும் கேட்க வேண்டியதில்லை என்று அச்சடித்ததும் நான்தான். இருபது வருஷமாக நான் எழுதிய துண்டறிக்கைகளை ஒழுங்காகப் படித்த ஒரே ஆள் என் வீட்டில் இருந்திருக்கிறாள். எந்தத் தலைவனுக்கு இந்த வெற்றி கிடைத்திருக்கிறது?

தேர்வானவரின் பெயரைப் பதவி விலகுகிறவரே சபையில் வாசிக்க வேண்டும் என்றார் காசிலிங்கம். தீர்மானத்தைக் கையில் கொடுத்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை "இந்தா" என்றும் "ஏ புள்ள" என்றும்தான் கூப்பிட்டிருக்கிறேன். நாலு பேர் முன்னால் பெண்டாட்டி பெயரைச் சொல்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. காகிதத்தைப் பார்த்து, மீசைக்குள்ளேயே வாசித்தேன்.

பெண்கள் வரிசையிலிருந்து புதுத் தலைவரின் குரல் வந்தது. "தோழர், பின்னாடி இருக்கிறவங்களுக்குக் கேக்கல. இன்னொரு வாட்டி சொல்லுங்க."

மைக்கை இழுத்துப் பிடித்து, அம்பாரங்களுக்கு அப்பாலும் கேட்கும்படி வாசித்தேன்.

"தனக்கோடி."