மாமாவின் ஓர்கிட்டும் வெள்ளை வேட்டியும்

நல்ல போன் கையில் இருந்தால் நல்ல படமும் தானாக வந்துவிடும் என்று நினைக்கிற சனத்தில் நானும் ஒருத்தி. அந்த நினைப்பு என்னைக் கிளிநொச்சியில், புகுந்த வீட்டில், தலை நிமிர முடியாமல் பண்ணிவிட்டது.

மாமா பார்த்துப் பார்த்து வளர்த்த ஓர்கிட், அவர் நெஞ்சுவலியென்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நேரம் பார்த்து முதன்முதலாகப் பூத்தது. மாமி அங்கே அவருக்குத் துணை. "வாடமுன்னம் கிட்டத்திலை ஒரு படம் எடு பிள்ளை. பூவின்ரை நடுவிலை இருக்கிற புள்ளியெல்லாம் தெரியோணும்" என்று மாமா போனில் சொன்னார். கல்யாணமாகி வந்த புதிது. நல்ல பெயர் எடுக்க இதைவிட வேறு சந்தர்ப்பம் கிடைக்குமா?

யூரியூப்பில் பார்த்துப் படித்தேன். நேர்வெயில் ஆகாது, வெளிச்சத்தை மெல்லிய வெள்ளைத் துணியால் மறைத்து விட வேண்டும். கை ஆடாமல் இருக்க மூச்சைக்கூட அடக்க வேண்டும். விறாந்தையில் இடம் போதாதென்று கதிரைகளை முற்றத்தில் தூக்கிப் போட்டேன். மாமாவின் வெள்ளை வேட்டியை விறாந்தைத் தூண்களில், றோட்டுப் பக்கமாகக் கட்டினேன். (வருத்தக்காரர் ஆஸ்பத்திரியில் இருக்க, வீட்டு வாசலில் வெள்ளை கட்டினால் சனம் செத்தவீடென்று நினைக்காதா? இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது மண்டையில் ஓடவில்லை.)

பூச்சாடிக்கு முன்னால் முழங்காலில் இருந்து, கண் வெட்டாமல் போனையே பார்த்ததில் கண்ணால் தண்ணீர் ஓடியது. பக்கத்து வீட்டு மலர் அக்கா எட்டிப் பார்த்தா.

"என்ன பிள்ளை, ஐயாவுக்கு..."

மூச்சை அடக்கியிருந்த நான், பொறுங்கோ என்று கையை மட்டும் காட்டினேன். அவா "ஐயோ!" என்று குழறிக்கொண்டு ஓடினா. (பூவின் அழகைப் பார்த்துத்தான் என்று நினைத்தேன்.)

நான் நிமிர்ந்தபோது முற்றத்துக் கதிரைகள் நிரம்பியிருந்தன. ஒருவர் பந்தல்காரருக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தார். நான் வாய் திறக்கமுன் கேற்றடியில் ஓட்டோ வந்து நின்றது. மாமாவை ஆஸ்பத்திரியில் சுகமென்று துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்.

வெள்ளையைக் கண்டதும் மாமாவின் முகம் செத்துவிட்டது. மாமியின் கையைப் பிடித்தபடி, "ஆருக்கு? தம்பிக்கோ?" என்றார். தம்பி என்றது, வயலுக்குப் போயிருந்த என் கணவரை.

"இல்லை மாமா... பூவுக்கு" என்றேன். நெஞ்சுவலிக்காரருக்கு நான் சொன்ன பதில் அது. நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

"பூவுக்கோ பிள்ளை வெள்ளை கட்டினனீ?" என்று மலர் அக்கா தலையில் அடித்துக்கொண்டா.

மாமா இப்போது நல்ல சுகம். நான் பூப்படம் எடுக்க வெளிக்கிட்டால், முதலில் அவர் கேற்றடியில் கதிரையைப் போட்டு, றோட்டால் போகிற சனமெல்லாம் காணும்படி இருந்துகொள்வார்.

"ஓம் பிள்ளை, இப்ப கட்டு" என்பார். வீடே சிரிக்கும். சிரிப்பில் எனக்கு மூச்சை அடக்க முடியாது. படம் கலங்கித்தான் வரும்.