மாமியார் பெயரில் ஒரு ஈ

"நாளைக்கு உங்க ஆபீசுக்கு வர்றேன் மாப்பிள்ளை. என் பேர் வச்ச ஈயை இந்தக் கண்ணால பாத்துடணும்" என்றார் ஹேமாங்கினி.

நிருபம் அவருடைய மருமகன். எட்டு வருடமாக ஷியாம்பசாரில் அவர் வீட்டு மாடியில்தான் குடித்தனம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, பூச்சி ஆய்வகத்தில் தான் கண்டுபிடித்த புது ஈக்கு மாமியார் பெயரைச் சூட்டி அச்சிலும் ஏற்றிவிட்டான். போதாததற்கு, "தங்க நிறம்மா, தாமரைத் தேன்தான் குடிக்கும்" என்று வீட்டில் அளந்திருந்தான்.

உண்மையில் அது கடுகளவு கறுப்பு ஈ. கூன் முதுகு, மூஞ்சியெல்லாம் முள்ளு முடி, உப்பிய வயிறு. குடியிருப்பு மாட்டுச் சாணத்தில்.

மறுநாள் மைக்ராஸ்கோப்பைத் திருகி மங்கலாக்கி வைத்தான். அரிசியில் கல் பொறுக்கிய கை சும்மா இருக்குமா? மாமியாரே திருகினார். வெகுநேரம் பார்த்தார்.

"எங்கயோ பாத்த மூஞ்சியா இருக்கு" என்றார்.

அன்றிலிருந்து மருமகனைக் கண்டாலே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். அழுகிறார் என்றே நிருபம் நினைத்தான்.

"வச்ச பேரை எடுக்க முடியாதா?" என்றாள் மனைவி கேதகி.

"இதே ஈக்கு வேற யாராவது முன்னாடியே பேர் வச்சிருந்தா அதுதான் நிக்கும். உங்கம்மா பேர் போயிடும்."

"அப்ப யாரையாவது அப்படிச் சொல்ல வைங்க. இல்ல, மூட்டை கட்டுங்க."

ஷில்லாங்கில் பூச்சி ஆராய்ச்சி செய்யும் நண்பன் லிங்டோவுக்கு ஈயை அனுப்பி, இது புது இனமே இல்லை என்று எழுதச் சொல்லிக் கெஞ்சினான்.

மாப்பிள்ளை விருந்து நாளான ஜமாய் சஷ்டியும் வந்தது. மாமியார் ஹில்சா மீன் தலையைத் தட்டில் வைத்துவிட்டு, வழக்கம்போல் பனையோலை விசிறியால் வீசினார். இந்த வீட்டில் கடைசிச் சோறு என்று நினைத்துக்கொண்டே விழுங்கினான்.

ஆபீஸ் பியூன் கோபிந்தோ வாசலில் நின்றான். "ஷில்லாங் கடுதாசி, நிருபம் சார். அவசரம்னீங்களே."

வாய் நிறைய முள். நிருபம் வேண்டாம் என்று கையை ஆட்டினான்.

"கை எச்சிலா? நானே படிக்கிறேன்." கோபிந்தோ பிரித்தான். "அம்மா பேர் நிக்காதாம்."

விசிறி நின்றது. நிருபம் கண்ணை மூடிக்கொண்டான்.

"இதே ஈக்கு லிங்டோ சார் போன வருஷமே பேர் வச்சு அச்சடிச்சுட்டாராம். உங்க பிறந்தநாளுக்குச் சொல்லலாம்னு மறைச்சு வச்சிருந்தாராம். உங்க பேரைத்தான் வச்சிருக்காராம், நிருபம் சார்."

"அதான் எங்கயோ பாத்த மூஞ்சியா இருந்துச்சு!" என்று, இத்தனை நாள் முந்தானைக்குள் அடக்கிய சிரிப்பை மாமியார் கொட்டிவிட்டார்.